ஓர் ஆட்சேபனை தேவை

பல்கலைக்கழகத்தின் ஓவியங்களை விற்பதற்கு எல்லாம் தயாராக இருந்தது. விற்கக் கூடாது என்று சொல்வதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

ஆள் கிடைக்காமல் விற்கவும் முடியாது. பழைய விதி ஒன்று வழிமறித்துக்கொண்டு நின்றது. பல்கலைக்கழகத்தின் கலைச்செல்வங்களைக் கைமாற்றுவதானால், அதற்கு எழும் ஆட்சேபனையைக் குழு ஒன்று கூடிக் கனிவுடன் கேட்க வேண்டும், கேட்ட பிறகே கைமாற்ற வேண்டும். விதியை எழுதிய புண்ணியவான்கள் ஆட்சேபனை தானாகவே எழும் என்று நம்பிவிட்டார்கள். அது எழவில்லை. அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிப் பார்த்தார்கள். மறுநாளே அதன் மேல் யாரோ 'சைக்கிள் விற்பனைக்கு' என்று ஒட்டிவிட்டார்கள். பதிவாளர் அம்மையார் பொறுக்கமாட்டாமல் ஓவியத்துறைத் தலைவரின் அறைக்கே நேரில் போனார்.

"நீங்களாவது கொஞ்சம் எதிர்க்கக் கூடாதா சார்?"

"கொள்கையளவுல எனக்கு மனசு வலிக்குது மேடம்," என்றார் துறைத் தலைவர். "ஆனா விக்கிற காசுல கட்டப்போற கட்டடத்துல எனக்கு ஜன்னல் வெச்ச ரூம் தர்றதா சொல்லியிருக்காங்க. வலியை வெளியில காட்டிக்க முடியாத நிலைமை."

இப்படித்தான் ஒரு மத்தியான வேளையில் பதிவாளர் காட்சிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே எந்த நேரமும் ஓர் ஆள் இருப்பாள் என்பது நிச்சயம், ஏனென்றால் அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். வாசலோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, படங்களுக்குக் கிட்டே கைகொண்டு போகிறவர்களிடம் "தொடாதீங்க" என்று சொல்வது காவல்காரியின் வேலை. வருடக்கணக்காக அதையே சொன்னதில் அதுவே அவள் பெயராகிவிட்டது. "தொடாதீங்க அக்கா, கழிவறை எந்தப் பக்கம்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். ஓவியம் என்றால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. கூடத்தில் மாட்டியிருந்தவற்றில் ஒன்றே ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் அவள் கண்ணுக்குச் சட்டம் போட்ட சுவர்தான்.

அந்த ஒன்று அவளுடைய அம்மா.

அம்மா அதே பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலை பார்த்தவள். ஒருநாள் ஓவிய வகுப்பைத் துடைத்து முடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். துடைப்பக்கட்டை முழங்காலில் சாய்ந்திருந்தது. ஒரு செருப்பு காலை விட்டு நழுவியிருந்தது. வகுப்பெடுக்க வந்த தற்காலிக ஆசிரியர் அவளை எழுப்பாமல் வரைய உட்கார்ந்துவிட்டார். அன்று வகுப்பு நடக்கவில்லை என்று அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். படம் மட்டும் தங்கியது. பெயர்ப்பலகை எழுதிய குமாஸ்தா அவருடைய பெயர் கிடைக்காமல், அவர் கோப்பில் இருந்ததை அப்படியே எழுதிவைத்தார்: 'உறங்கும் பணியாளர். ஓவியர்: தற்காலிகம்.'

அம்மாவின் முகம் இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை. வீட்டில் இருந்த போட்டோக்கள், தண்ணீர் உள்ளே புகுந்த வருடம், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. பணியாளர் அட்டையில் ஒன்று இருந்தது. அம்மா இறந்த வாரமே நிர்வாகம் அதைத் திரும்பக் கேட்டு வாங்கி, தவறான கைகளுக்குப் போய்விடக் கூடாதென்று கத்தரியால் நறுக்கியது.

ஆகவே ஒவ்வொரு வியாழக்கிழமையும் அப்பா, பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்துக்கு வருவார். படத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் வாரச் செய்தி சொல்வார். "எதிர்வீட்டுக்காரன் மதிலை நம்ம பக்கம் ஒரு கையகலம் தள்ளிக் கட்டிட்டான். கேட்டா அளவு நாடா சுருங்கிடுச்சாம்... உன் தங்கச்சி வழுக்கி விழுந்துட்டா. பயப்படாத, எலும்புக்கு ஒண்ணுமில்ல. வாய்க்கும் ஒண்ணுமில்ல." அந்த நேரத்தில் காவல்காரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பதிவாளர் அவளருகே வந்து, வழக்கத்தில் இல்லாத விதமாகச் சிரித்தார்.

"ஏம்மா, உனக்கு இந்தப் படங்க மேல பாசம் ஏதாவது உண்டா?"

"ஏன் மேடம், ஏதாவது காணாமப் போயிடுச்சா?"

"இன்னும் இல்ல. விக்கப்போறோம். யாராவது ஒருத்தர் சின்னதா ஒரு ஆட்சேபனை சொன்னா உதவியா இருக்கும். பெருசா ஒண்ணும் வேணாம். மனசுல பட்டதைச் சொன்னாப் போதும்."

காவல்காரி ஸ்டூலை விட்டு எழுந்தாள். "அந்தக் கதவோரத்துப் படத்தையுமா மேடம்?"

"எந்தக் கதவோரம்?"

அந்த இடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. விற்பனைக் குழு அளவு நாடாவோடு கூடத்தைச் சுற்றி வந்து பெரியது பெரியதாகப் பொறுக்கிய அன்று, கதவு திறந்திருந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு படம் இருப்பதே யாருக்கும் தெரியாது. பட்டியலில் அது இல்லை. பதிவாளர் கதவை மெல்லச் சாத்திவிட்டு அதைப் பார்த்தார். பிறகு காவல்காரியின் முகத்தைப் பார்த்தார்.

"இது யாரு?"

"எங்கம்மா."

"கடவுளே," என்றார் பதிவாளர், தேடிப்போன ஊர் தானே எதிரே வந்து நின்றது போல.

விசாரணை ஆட்சிமன்ற அறையில் நடந்தது. நீள மேசையின் ஒரு பக்கம் முழுக்கக் குழு. எதிர்ப்பக்கம் காவல்காரியும் அப்பாவும். ஓரத்தில் ஏல நிறுவனத்திலிருந்து வந்த ஏலக்காரர், கைக்குட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். துணைவேந்தர் எழுந்தார்.

"முதல்ல ஒண்ணைத் தெளிவுபடுத்திடுறேன். நாங்க ஓவியங்களை விக்கல. விடுதலை பண்றோம். இத்தனை வருஷமா சுவத்துல ஆணியடிச்சுத் தொங்கவிட்டிருக்கோமே, இது நாகரிகமான மனுஷங்க செய்யுற காரியமா? சில பேர் கேக்குறாங்க, பல்கலைக்கழகம்னா கலையைக் காப்பாத்த வேண்டாமான்னு. நான் கேக்குறேன், பல்கலைக்கழகத்தை யார் காப்பாத்துறது? கலையா வந்து காப்பாத்தும்?" ஒரு கணம் யோசித்தார். "ஆமா. கலைதான் காப்பாத்தப்போகுது. அதனாலதான் விக்கிறோம்."

குழு மேசையைத் தட்டியது. அப்பாவும் மரியாதைக்குத் தட்டினார். காவல்காரி அவர் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள்.

அப்போது பதிவாளர் ஒரு சிக்கலைக் கிளப்பினார். விற்பனைப் பட்டியலில் உள்ள படத்துக்குத்தான் ஆட்சேபனை சொல்ல முடியும். இந்தப் படமோ பட்டியலில் இல்லை. ஆகவே இந்த ஆட்சேபனை செல்லாது. இது செல்லாவிட்டால் விசாரணை செல்லாது, விசாரணை செல்லாவிட்டால் மொத்த விற்பனையும் நின்றுபோகும். காவல்காரிக்குப் பாதி புரிந்தது. அந்தப் பாதி சந்தோஷமாக இருந்தது.

குழு தலைகளைச் சேர்த்துக் கிசுகிசுத்தது. பிறகு துணைவேந்தர் அன்பு ததும்பச் சொன்னார்: "உங்க ஆட்சேபனை வீணாப்போக நாங்க விடமாட்டோம்மா. படத்தைப் பட்டியல்ல சேர்த்தாச்சு."

"நான் விக்காதீங்கன்னு சொன்னதாலயா விக்கிறீங்க?"

"அப்படிக் கொச்சையாச் சொல்லாத," என்றார் பதிவாளர். "உன் குரலுக்கு மதிப்புக் குடுத்திருக்கோம்."

அப்பாவைப் பேசச் சொன்னார்கள். அவர் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்குப் பேச வராதுங்க. வண்டி ஓட்டினவன். முதல் வண்டி என்னோடது. நான் கெளம்பும்போது அவ தூங்கிட்டிருப்பா. திரும்பி வரும்போதும் தூங்கிட்டிருப்பா. அவளும் பாவம், இங்க நாளெல்லாம் குனிஞ்சு நிமிர்ந்தவ. கண்ணு திறந்திருக்கும்போது நான் அவளைப் பார்த்தது கம்மிங்க. இந்தப் படத்துல எப்படி இருக்காளோ அப்படித்தான் எனக்கு அவளைத் தெரியும். இதுவும் போயிட்டா, எனக்குத் தெரிஞ்ச ஆளு இல்லாமப் போயிடுவாங்க."

குழு உறுப்பினர் ஒருவர் மூக்கைச் சிந்தினார். ஏலக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்தபடி கேட்டார்: "அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை சொல்ல முடியுங்களா ஐயா? கொஞ்சம் மெதுவா."

அப்பா மெதுவாகச் சொன்னார்.

தீர்மானம் அப்போதே நிறைவேறியது: ஆட்சேபனை கனிவுடன் கேட்கப்பட்டது. அதன் ஆழம் குழுவை நெகிழ வைத்தது. ஆகவே விற்பனை தொடரலாம்.

ஒரு வாரத்தில் ஏல விளம்பரப் புத்தகம் வழவழப்பான தாளில் அச்சாகி வந்தது. அட்டையில் அப்பாவின் முகம். கண்ணோரத்தில் ஈரம். பின்னால் படம் இருந்த இடத்தில் மங்கலாக ஏதோ ஒரு கறை.

"அம்மாவையே காணோமே?" என்றாள் காவல்காரி.

ஏலக்காரர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "தூங்குற பொம்பளை படம் ஊரு உலகத்துல எவ்வளவோ இருக்கும்மா. வாராவாரம் வந்து பேசுற புருஷன் எத்தனை படத்துக்கு இருக்கான்? நாங்க விக்கப்போறது அதைத்தான்."

அதிலிருந்து வியாழக்கிழமைகளின் அமைதி போயிற்று. நல்ல கோட்டு போட்டவர்கள் கும்பலாக வந்து பெஞ்சுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நிற்பார்கள். அப்பா எதிர்வீட்டு மதிலைப் பற்றிச் சொல்லும்போது தலையாட்டுவார்கள். நாடகத்துறையிலிருந்து ஒருவர் வந்து, அப்பா முதுகை இன்னும் கொஞ்சம் வளைத்து உட்கார்ந்தால் பின்னாலிருந்து பார்க்க நன்றாயிருக்கும் என்றார். அப்பாவுக்குச் சளி பிடித்த வாரம், நிர்வாகம் துணைவேந்தரின் காரையே அனுப்பி அவரைப் போர்வையோடு அள்ளிக்கொண்டு வந்தது.

"இனிமே வராதீங்கப்பா," என்றாள் காவல்காரி. "நீங்க வர வர விலை ஏறுது."

"அவங்க நல்ல மனுஷங்கம்மா. நான் பேசும்போது ஒருத்தர்கூட போனைப் பார்க்கல. இவ்வளவு பேர் கேக்குறாங்க, இதைப் போயி விப்பாங்களா?"

"விப்பாங்கப்பா."

"சரி, நான் வராம இருந்தா அவ என்ன நினைப்பா?"

அவளிடம் யோசனை ஒன்று இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் கூடத்தைப் பூட்டிக்கொண்டு, படத்தைக் கழற்றி, பழைய திரைச்சீலையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவது. பிடிபட்டால் வேலை போகும். போகட்டும். ஏலத்துக்கு முந்தின வாரம் அவள் கதவைச் சாத்திவிட்டுப் படத்தின் முன்னால் போய் நின்றாள். அத்தனை வருடமும் ஊரையெல்லாம் தொடாதே தொடாதே என்று தடுத்தவள், தானும் ஒருதடவைகூட அதைத் தொட்டதில்லை. முதலில் சட்டத்தைப் பிடிக்க வேண்டியவள், கை வேறு எங்கோ போக, அம்மாவின் நழுவிய செருப்பின் மேல் விரலை வைத்தாள்.

கட்டடமே அலறியது. அந்த ஒரு படத்துக்கு மட்டும் புதிதாக அலாரம் வைத்திருந்தார்கள். காவல்காரிக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

பதிவாளர் ஓடி வந்தார். பின்னாலேயே ஏலக்காரர். அவள் வேலை போகும் என்று நின்றாள். ஏலக்காரரோ அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். விளம்பரப் புத்தகம் அவசரமாக மறுபடி அச்சடிக்கப்பட்டது. உள்ளே புதிய வரி ஒன்று சேர்ந்திருந்தது: 'காவலரே களவாடத் துணிந்த ஓவியம்.'

ஏலத்தன்று பெரிய படங்கள் வேகமாகப் போயின. கடற்போர் ஓர் ஓட்டலின் வரவேற்பறைக்குப் போயிற்று. பழத்தட்டு ஒரு பல் மருத்துவமனைக்கு. அறுவடைக் காட்சியை எடுத்தவர், வீட்டுச் சோபாவின் நிறத்துக்கு ஒத்துவருமா என்று மட்டும் கேட்டார். கடைசியில் 'உறங்கும் பணியாளர்' மேடைக்கு வந்தபோது அப்பாவை முன்வரிசையில் உட்காரவைத்து அவர் மேல் சின்ன விளக்கொன்றைப் போட்டார்கள். விலை ஏறிக்கொண்டே போனது.

"இதெல்லாம் உங்கம்மாவுக்கா?" என்று அப்பா காதோரம் கேட்டார். "பிளாஸ்க் ஒண்ணு கேட்டாம்மா என்கிட்ட. வாங்கித்தரவே இல்ல."

முகம் காட்டாத ஒருவர் தொலைபேசி வழியாக எடுத்துக்கொண்டார். கூடவே பெஞ்சையும் கேட்டு வாங்கிக்கொண்டார். துணைவேந்தர் மேடையேறும்போதே கைதட்டல் தொடங்கிவிட்டது.

"ஒரு துப்புரவுப் பணியாளரை நாம எவ்வளவு உயர்வா மதிக்கிறோம்னு இன்னைக்கு உலகத்துக்கே காட்டிட்டோம்!" குரல் தழுதழுத்தது. "மனசாட்சியோட சொல்றேன், அவங்க உயிரோட இருந்தப்போகூட நாம இவ்வளவு மதிச்சதில்ல!"

மறுநாள் பதிவாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வாங்கினவருக்கு ஒரு நிபந்தனை இருந்தது. படம் இனி அவருக்கு மட்டுமே உரியது. அதன் பிரதி வேறு யாரிடமும் இருக்கக் கூடாது.

"ஏலத்துக்கு முன்னாடி உன் போன்ல அதைப் படம் எடுத்து வெச்சுக்கிட்டியாமே?"

"எங்கம்மா மேடம்."

"தெரியும்மா. நானும் ஒரு அம்மா வயித்துல பிறந்தவதான். அதனாலதான் உனக்காக வாங்கினவர்கிட்ட பேசினேன். நீ அதை அழிச்சிட்டா, வருஷத்துக்கு ஒரு நாள் உங்கப்பா படம் இருக்கிற இடத்துக்குப் போயி ஒரு மணி நேரம் உட்காரலாம். சம்மதிச்சிட்டார். பெரிய மனசு."

காவல்காரி போனில் அந்தப் படத்தைத் திறந்தாள். கையில் இருப்பது விரலகலப் படம். அங்கே போனால் முழுசாகப் பார்க்கலாம். அப்பாவுக்குக் கண்ணும் மங்கிவருகிறது. அவள் அழித்தாள்.

"அழிச்சது எல்லாம் ஒரு இடத்துல போயி உட்காந்திருக்குமே," என்றார் பதிவாளர் எட்டிப் பார்த்து. "அங்கிருந்தும் எடுத்திடும்மா."

அங்கிருந்தும் எடுத்தாள்.

கூடத்தின் சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். அதற்குக் 'கலை உணர்வு மையம்' என்று பெயர் வைத்தார்கள். புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கல் நன்றாக வந்திருந்ததால் கட்டடத்துக்கு அவசரமில்லை என்று முடிவாயிற்று. துறைத் தலைவருக்கு வரைபடத்தில் அவருடைய ஜன்னலைக் காட்டினார்கள். காவல்காரி வேலையில் நீடித்தாள். வெற்றுச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யாராவது சாயப் போனால், "தொடாதீங்க, பெயின்ட் ஈரம்," என்று சொன்னாள். பெயின்ட் காய்ந்த பிறகும் வேறென்ன சொல்வதென்று தெரியாமல் அதையே சொன்னாள்.

ஒரு வருடம் கழித்து அந்த நாள் வந்தது. படம் இருக்கும் இடம் வாங்கினவரின் வீடாக இருக்கும் என்று நினைத்து அப்பா புதுச் செருப்பு வாங்கியிருந்தார். வழி சொன்ன தாளோ அவர்களை நகரத்துக்கு வெளியே கிடங்குகள் வரிசையாக நின்ற சாலைக்குக் கூட்டிப்போனது. பேருந்தில் அப்பா, ஓட்டுநர் பிரேக் போடுகிற லட்சணத்தைத் திட்டிக்கொண்டே வந்தார். பாதி வழியில் திட்டுவதை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அவ தலை இடப்பக்கம்தானே சாஞ்சிருக்கும்?"

"வலப்பக்கம்பா."

"இடப்பக்கம்மா. காது தெரியும் பாரு. தோடு போட்ட காது."

"காதே தெரியாதுப்பா. முடி மறைச்சிருக்கும்."

"உனக்கு மறந்துபோச்சு," என்றார் அப்பா. அவள் மறுத்துப் பேச வாயெடுத்தாள். கண்ணை மூடிப் பார்த்தாள். அம்மாவின் தலை ஒரு தடவை வலப்பக்கம் சாய்ந்தது. அடுத்த தடவை இடப்பக்கம் சாய்ந்தது. "போய்ப் பாத்துக்கலாம்பா," என்றாள்.

கிடங்கில் ஜன்னல் இல்லை. குளிரும் வெள்ளை விளக்கும், கூரை வரை அடுக்கிய மரப்பெட்டிகளும்தான் இருந்தன. எல்லாம் ஒரே மாதிரிப் பெட்டிகள். கிடங்குப் பணியாளர் தட்டையான ஒன்றை வெளியே இழுத்து நிறுத்தியிருந்தார்.

"இதுதான் பெரியவரே. உக்காருங்க."

"திறக்கலையாப்பா?"

"திறக்க மாட்டோம் ஐயா. வெளிக்காத்து பட்டா சாயம் கெட்டுப்போகும். மூச்சுக்காத்து பட்டா இன்னும் மோசம். வாங்கினவரே இன்னும் பார்த்ததில்ல. விலை ஏறட்டும்னு வெச்சிருக்கார். பெஞ்சுகூட இங்கதான் எங்கயோ பெட்டியில இருக்கு."

காவல்காரி அப்பாவைப் பார்த்தாள். கத்துவார் என்று நினைத்தாள். அப்பா பெட்டியைத் தடவிப் பார்த்தார். அதைத் தொடாதே என்று சொல்ல யாருமில்லை.

"உள்ள மூச்சு முட்டாதா?"

"குளுகுளுன்னு இருக்கும் பெரியவரே. நம்மளைவிட நல்லாத்தான் இருக்கும்."

அப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். ஒரு வருடச் செய்தி சேர்ந்திருந்தது. எதிர்வீட்டுக்காரன் இறந்துவிட்டான், மதில் அப்படியே நிற்கிறது. தங்கச்சி மறுபடி விழுந்தாள், இந்தத் தடவை எலும்பு. பேசப் பேச அவர் தலை இடப்பக்கமாகச் சாய்ந்துகொண்டு போனது, எதிரே இருப்பவளின் சாய்வுக்கு ஏற்றபடி.

பணியாளர் கையிலிருந்த தாளைப் பெட்டியின் முதுகில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். காவல்காரியைச் சற்றுத் தள்ளி வரச் சொல்லி ஜாடை காட்டினார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. மாத்தி எடுத்துட்டேன். இது யாரோ ஒரு டாக்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசை. காலைக் கழட்டி வெச்சிருக்கு. உங்களோடது அந்தக் கோடியில, மேல் தட்டுல இருக்கு. இறக்கணும்னா தூக்கு வண்டி வரணும். அது ரிப்பேர். மேலிடத்துல கேட்டு இன்னொரு நாள் போட்டுத் தரச் சொல்லவா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பா குரலைத் தாழ்த்திப் பெட்டியோடு ஏதோ ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தி, மகளைப் பார்த்துக் கையசைத்தார். முகம் தெளிந்திருந்தது.

"அடுத்த தடவை வரும்போது ஒரு விரிப்பு எடுத்துட்டு வரணும்மா. தரை சில்லுன்னு இருக்கு."

"எடுத்துக்கலாம்பா."

அவள் பணியாளர் பக்கம் திரும்பினாள். "இதை இறக்க வண்டி தேவையில்லைல்ல?"

"தேவையில்லக்கா. இது கீழ்த்தட்டுதான்."

"அப்போ அடுத்த வருஷமும் இதையே எடுத்து வெச்சிடுங்க."